சுமைதாங்கி எங்கே நிற்க வேண்டும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் பாலக்கோட்டில் ரோடு ஓவர்சியராக இருந்தேன். தருமபுரி அப்போது தனி ஜில்லா ஆகவில்லை; சேலத்தோடு சேர்ந்திருந்தது. எனக்கு வயது இருபத்தைந்து. ஒரு சைக்கிள், ஒரு அளவு நாடா, எனக்குக் கீழே ஒரு மேஸ்திரி, ஏழு கேங் ஆட்கள். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி தாண்டிப் போகும், உடைகல் பரப்பிய கப்பி ரோடு என் பொறுப்பு. குழி விழுந்தால் கப்பி போட்டு நிரவுவோம். பக்கவாய்க்காலில் மண் சேர்ந்தால் அள்ளுவோம். ரோட்டோரப் புளிய மரங்களை யாரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்வோம். வேலையில் நான் கண்டிப்பானவன் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த ரோட்டில் மாரண்டஹள்ளியிலிருந்து வரும்போது ஒரு ஏற்றம் உண்டு. பாதி ஏற்றத்தில் ரோடு ஒரு பெரிய பாறையைச் சுற்றி இடது பக்கம் வளையும். வளைவுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. மாட்டு வண்டிகள் மட்டும் போன காலத்தில் அது ஒரு பொருட்டாக இல்லை. பஸ் வந்த பிறகுதான் அது கெட்ட வளைவாயிற்று. பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸின் பின்னால் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. ஆகவே டிரைவர்கள் ஏற்றத்தின் அடியிலேயே வேகம் பிடித்து, ஒரே மூச்சில் மேலே வந்துவிடுவார்கள்.

ஒரு சந்தை நாள் காலையில் அந்த வளைவில் ஒரு பெண் பஸ் மோதி இறந்துபோனாள்.

அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர், பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். அவரைக்காய்க் கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பாலக்கோடு சந்தைக்கு நடந்து வந்திருக்கிறார்கள். அக்கா முன்னால், தங்கை பின்னால். இறந்தது தங்கை. இருபது வயது இருக்கும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது ரோடெங்கும் அவரைக்காய் சிதறிக் கிடந்தது. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. ரோட்டின் அகலம் என்ன, வளைவில் எத்தனை அடி, வாய்க்கால் எங்கே என்று அளந்து சொல்ல வேண்டியது என் வேலை. அளந்து சொன்னேன். அந்த அக்காவின் முகத்தை அன்று நான் பார்க்கவில்லை. நாடாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து மேஸ்திரி வந்து, அந்த வளைவில் யாரோ சுமைதாங்கி நட்டிருக்கிறார்கள் என்றார்.

சுமைதாங்கி எங்கள் பக்கத்து ரோடுகளில் புதிதல்ல. இரண்டு பலகைக்கற்களை நட்டு, மூன்றாவது கல்லை மேலே படுக்கப் போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் சரித்துவிட்டு இளைப்பாறலாம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்களின் நினைவாக அதை வைப்பது வழக்கம்.

நான் போய்ப் பார்த்தேன். பாறைக்கும் ரோட்டுக்கும் நடுவே, சரியாக வளைவின் உள்பக்கத்தில், பக்கவாய்க்காலுக்குள்ளேயே குழி தோண்டிக் கற்களை நட்டிருந்தார்கள். அந்த வாரம் பெய்த மழையில் தண்ணீர் வாய்க்காலில் போக வழியில்லாமல் ரோட்டின்மேல் ஏறி, ஓரத்தை அரித்துக்கொண்டு போயிருந்தது. கப்பி பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

"பிடுங்கிப் போடுங்க" என்றேன்.

கேங் ஆட்கள் யாரும் அசையவில்லை. மேஸ்திரி கன்னடம் பேசுகிற குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னைவிட இருபது வயது பெரியவர். நான் சொல்லி அவர் எதையும் மறுத்ததில்லை.

"பேடா சாமி, வேணாம்" என்றார். "செத்தவங்க கல்லு. எங்க கை அதுல படாது. சம்பளத்த வேணா புடிச்சுக்கங்க."

நானே கடப்பாரையைக் கையில் எடுத்தேன். அதற்குள் பக்கத்துக் கொல்லைக்காட்டிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். கையில் களைக்கொத்து. முப்பது வயது இருக்கும். கல்லுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். இறந்தவளின் அக்கா என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டேன்.

"யாரு நீங்க? எதுக்குக் கடப்பாரய எடுத்தீங்க?"

"ரோடு ஓவர்சியர். ரோட்டு எடத்துல கேக்காம கல்லு நடக் கூடாது. தண்ணி போற வழிய அடைச்சு வெச்சிருக்க, பாரு."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருக்க மாட்டேன்.

"இது புள்ளத்தாச்சியா செத்தவங்களுக்கு வெக்கிற கல்லு" என்றேன், எப்படியாவது பேச்சை என் பக்கம் திருப்ப. "உன் தங்கச்சி அப்படி இல்லையே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் காது சுட்டது.

"எங்கூரு ஆம்பளைங்களும் இதத்தாங்க சொன்னாங்க. நான் உங்களக் கேக்கறேன். அவ தலையில சுமையோட செத்தா. சுமையோட செத்தவளுக்குச் சுமைதாங்கி வெக்காம வேற யாருக்குங்க வெக்கறது?"

பிறகு களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு நடந்ததைச் சொன்னாள். ஏற்றத்தில் வரும்போதே தங்கைக்குக் கழுத்து வலி. கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் அக்கா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். இவள், இன்னும் கொஞ்ச தூரம்தான், நேரமானால் நல்ல இடம் கிடைக்காது, வா வா என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்திருக்கிறாள். வளைவில் தங்கை நின்றுவிட்டாள். கூடையைத் தனியாக இறக்க முடியாமல், "அக்கா, ஒரு கை புடி" என்று கூப்பிட்டிருக்கிறாள். இவள் திரும்பினாள். தங்கைக்குப் பின்னால் பஸ் வளைவைச் சுற்றி வந்துவிட்டது.

"இங்க ஒரு கல்லு இருந்திருந்தா அவ என்னக் கூப்புட்டிருக்க மாட்டா. அவபாட்டுக்கு எறக்கி வெச்சிருப்பா" என்றாள். "இப்ப கல்லு இருக்குது. புடுங்கறதுன்னா புடுங்கிக்கங்க. நான் நாளைக்கே திரும்ப நடுவேன்."

கடப்பாரையை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று நான் தோற்றுப்போனேன் என்றே நினைத்தேன். மேலே எழுதி, போலீஸை வைத்து எடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் எழுதவில்லை. அந்தக் கல் எத்தனை தொந்தரவு என்று முதலில் நேரில் பார்த்து, எல்லாவற்றையும் குறித்து, பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். என் கண்டிப்பு எனக்குச் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

அடுத்த சந்தை நாளில் விடியுமுன்னே போய்ப் பாறைமேல் ஏறி உட்கார்ந்தேன். அங்கிருந்து வளைவின் இரண்டு பக்கமும் தெரியும். கிழக்கே வெளுத்ததிலிருந்து கூடைகள் வர ஆரம்பித்தன. பெண்கள் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, கல்லைக் கண்டதும் முகம் மலர்ந்து, சுமையை அதன்மேல் சரித்தார்கள். கல் நல்ல உபயோகமாகத்தான் இருந்தது. ஆனால் நிற்பதற்கு அங்கே இடமில்லை. பின்னால் பாறை, காலடியில் வாய்க்கால். சுமையை இறக்குகிறவர் ரோட்டின்மேல்தான் நிற்க வேண்டும். முகம் கல்லைப் பார்த்திருக்கும். முதுகு முழுக்க வருகிற வண்டிக்குக் காட்டியபடி இருக்கும்.

அந்த அக்காவும் கூடையோடு வந்தாள். பாறைமேல் என்னைப் பார்த்துவிட்டு, கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டாள். நான் எதையாவது செய்துவிடுவேன் என்று காவல் நின்றாளோ என்னவோ. அப்போது வயதான ஒரு அம்மாள் கத்தரிக்காய் மூட்டையோடு வந்து அதைக் கல்லில் இறக்கினாள். கீழே ஏற்றத்தில் பஸ்ஸின் உறுமல் கேட்டது. மேலேயிருந்த எனக்கு பஸ் தெரிந்தது. ரோட்டில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. நான் எழுந்து நின்று கத்தினேன்.

பஸ் வளைவைச் சுற்றியது. டிரைவர் கிழவியைக் கண்டு வண்டியை வலது பக்கம் ஒடித்தார். முன்சக்கரம் எதிர்ப்பக்க வாய்க்காலில் இறங்கி, வண்டி சாய்ந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் அலறினார்கள். யாருக்கும் அடி இல்லை. கிழவியின் சேலை முந்தானை பஸ்ஸின் படிக்கட்டில் உரசிக் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். அவளுக்கு என்ன நடந்தது என்பதே உடனே புரியவில்லை.

நான் கீழே இறங்கி ஓடினேன். டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அன்று மோதிய அதே ஆள்தான். போலீஸ் விசாரணை முடிந்து, மறுபடி வண்டி ஓட்ட வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது.

அக்கா அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கிழவியைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். அவளுடைய கூடை இன்னும் தலையில்தான் இருந்தது. அவளிடம் சொல்வதற்கு நான் தயாராக வைத்திருந்த பேச்சு அத்தனையும் தேவையில்லாமல் போய்விட்டது.

அவளே கேட்டாள்: "என் தங்கச்சி கல்லு இன்னொருத்தியக் கொன்னுருக்கும், இல்லீங்களா?"

"ஆமாங்க" என்றேன். அன்றுதான் அவளை முதல்முறையாக 'ங்க' போட்டுப் பேசினேன்.

"அப்ப எங்க வெக்கறது? நீங்களே சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லத்தான் எனக்குப் பழக்கம். "வாங்க, நடந்து பாப்போம்" என்றேன்.

அன்று அவள் சந்தைக்குப் போகவில்லை. கூடையைத் தலையில் வைத்தபடியே என்னோடு நடந்தாள். நான் நாடாவோடு முன்னால் போனேன். ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு சமமான தரையைக் காட்டினேன். ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள்.

"இது ஏத்தத்துக்கு முன்னாடிங்க. இங்க எவளும் எறக்க மாட்டா. ஏத்தம் முடிஞ்சு மூச்சு வாங்கற எடத்துல வெச்சாத்தான் ஒதவும்."

வளைவு தாண்டி, ஏற்றம் முடிகிற இடத்தில், ரோடு நேராகும். அங்கே ஒரு புளிய மரத்தடியைக் காட்டினாள். நிழலாக இருக்கும் என்றாள். மரத்தடியில் வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்து நிறுத்துவார்கள், கூட்டம் ரோட்டுக்கு வழியும் என்று நான் சொன்னேன். கடைசியில் வளைவிலிருந்து நாற்பது தப்படி தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு கொல்லையின் ஓரத்தில் நின்றோம். அங்கிருந்து இரண்டு பக்கமும் வண்டி வருவது தெரிந்தது. வாய்க்காலைத் தாண்ட ஒரு பலகைக்கல்லைப் பாலம் மாதிரி போட்டுவிட்டால் தண்ணீர் அடியில் போகும். வண்டி வரும் திசையைப் பார்த்தபடி சுமையை இறக்கும்படி கல்லைத் திருப்பி வைக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அவள் வளைவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவ உசுரு போனது அங்கயில்லீங்களா" என்றாள். "இங்க வெச்சா அவளுக்கு எப்படித் தெரியும்?"

எந்த இன்ஜினீயரிங் புத்தகத்திலும் இதற்குப் பதில் கிடையாது. நான் நாடாவைச் சுற்றிக்கொண்டு நின்றேன். அவளே கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டு, "அவ அங்கயே நின்னுட்டா, போயிட்டா. இதுவரைக்கும் வந்திருந்தா பொழச்சிருப்பா. இங்கயே இருக்கட்டுங்க" என்றாள்.

அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். சத்தமில்லாமல், கூடை அசையாமல் அழுதாள்.

கல்லை மாற்றி நட்ட அன்று கேங் ஆட்கள் ஏழு பேரும் வந்தார்கள். பிடுங்க மாட்டேன் என்றவர்கள், நகர்த்துவதற்கு என் உத்தரவு இல்லாமலே வந்து கைகொடுத்தார்கள். மேஸ்திரி கற்பூரம் ஏற்றிவிட்டு முதல் கடப்பாரையைப் போட்டார். உயரத்தை அவள்தான் சொன்னாள். நான் நாலேகால் அடி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். "ஒசந்தவளுக்குத்தான் அது சரி. எங்க தோள் மட்டத்துக்கு வையுங்க, குட்டையா இருக்கறவளும் எறக்கணும்" என்று அரை அடி குறைத்தாள். நட வேண்டிய கல் ஒன்றில் கல்தச்சர் கூடை சுமந்த பெண் உருவம் ஒன்றைச் செதுக்கியிருந்தார். அதை ரோட்டைப் பார்த்து வைக்கப் போனபோதும் அவள்தான் தடுத்தாள். "ரோட்டப் பாத்து இருந்தா வேடிக்க பாக்கறவன் ரோட்டுல நின்னு பாப்பான். கொல்லையப் பாத்து வையுங்க. வெளக்கும் அந்தாண்டதான் வெக்கப் போறேன்."

நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. மைல்கல்லுக்கும் பாலத்துக் கைப்பிடிச் சுவருக்கும் வெள்ளை அடிப்போம். இருட்டும் நேரத்தில் வெள்ளையைப் பார்த்துத்தான் டிரைவர்கள் ரோட்டின் ஓரத்தை அறிவார்கள். வாய்க்காலுக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கல் இருந்தால் அதுதான் ஓரம் என்று நினைத்து வாய்க்காலில் இறங்கிவிடுவார்கள். அவள் அதைக் கேட்டுத் தலையாட்டினாள். "அப்பக் காவி பூசிக்கறோம்" என்றாள்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது அந்த பஸ் டிரைவர் வந்தார். அன்று அவருக்கு லீவு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேல்கல்லைத் தூக்கத் தானும் ஒரு கை கொடுக்கட்டுமா என்று என்னிடம் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன்.

"அவரு கை இதுல பட வேணாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "போகச் சொல்லுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். எனக்கு அது கொஞ்சம் கடுமையாகப் பட்டது. ஆனால் அதில் புத்தி சொல்ல நான் யார்? ஒரு வாரம் கழித்து அவர் என் ஆபீசுக்கு வந்து, வளைவுக்கு முன்னால் ஹார்ன் அடிக்கச் சொல்லி ஒரு போர்டு வைக்க முடியுமா என்று கேட்டார். வைத்தேன். அவளும் அவரும் அதற்குப் பிறகு பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து இன்ஜினீயர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். கருப்புக் கோட்டு, வெயிலிலும் கழற்ற மாட்டார். அவர் காரிலிருந்து இறங்குகிறார் என்றாலே ஓவர்சியர்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். சுமைதாங்கியின் முன்னால் காரை நிறுத்தச் சொன்னார்.

"இது என்ன?"

சொன்னேன். முதலில் நட்ட இடத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இலாகா இடத்தில் இன்று ஒருத்திக்கு விட்டீர். நாளைக்கு மைலுக்கு ஒன்று வந்து நிற்கும். அப்போது என்ன செய்வீர்?"

என் வாயிலிருந்து எப்படி அது வந்தது என்று இன்றும் எனக்கு ஆச்சரியம். "வரத்தான் போகுதுங்க சார். பஸ் வந்தாச்சு, லாரி வந்தாச்சு. செத்தவங்களுக்குக் கல்லு வெக்காதேன்னா ஜனங்க கேக்க மாட்டாங்க. எங்க வெக்கணும்னு சொன்னா கேப்பாங்க. சொல்ல நம்மகிட்டத்தான் ஒரு விதி இல்ல" என்றேன்.

அவர் அடுத்துச் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தம் பியூனை ஒரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கல்லருகே நிற்கச் சொன்னார். காரில் ஏறி ஏற்றத்தின் அடிக்குப் போய், அங்கிருந்து வேகமாக வளைவைச் சுற்றி வந்தார். பிறகு பியூனைப் பழைய இடத்தில் நிற்கவைத்து மறுபடி வந்தார். இந்த முறை கார் பியூனுக்கு வெகு அருகில் வந்துதான் நின்றது. பியூனின் முகம் வெளிறிவிட்டது. இன்ஜினீயர் இறங்கி வந்து, "எழுதிக் கொண்டு வாரும்" என்றார்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கம்தான். ஆபீசுக்காக இங்கிலீஷில் ஒன்று. கிராமத்தில் படித்துக் காட்டுவதற்காகத் தமிழில் ஒன்று. விபத்து நடந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வளைவின் உள்பக்கத்தில் ஒருபோதும் வைக்கக் கூடாது. கல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டு முழம் தள்ளி இருக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் போக வழி விட வேண்டும். கும்பிட வருகிறவரும் சுமை இறக்குகிறவரும் ரோட்டை மிதிக்காமல் நிற்க இடம் இருக்க வேண்டும். உருவமும் எழுத்தும் விளக்கும் ரோட்டைப் பார்க்கக் கூடாது. வெள்ளை அடிக்கக் கூடாது. ஆளுயரத்துக்கு மேல் எழுப்பி வண்டிக்காரரின் பார்வையை மறைக்கக் கூடாது. எழுத எழுத, இதில் பாதி அவள் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே தெரிந்தது.

இன்ஜினீயர் சிவப்பு மையை எடுத்தார். கல்லருகே தேங்காய் உடைக்கக் கூடாது, ஓடு பட்டு டயர் கெடும் என்று ஒன்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டார். "இதை யாரும் கேட்க மாட்டார்கள். இது ஒன்றுக்காக மற்றதையும் விட்டுவிடுவார்கள்" என்றார். கடைசியில் தம் கையால் ஒன்று சேர்த்தார்: ஒரு இடம் கூடாது என்று சொல்லும் ஓவர்சியர், வேறு இடத்தைத் தாமே நேரில் போய்க் காட்டாமல் திரும்பக் கூடாது.

அந்த வரியை நான் எழுதவில்லையே என்று எனக்கு இன்றும் குறைதான். ஆனால் அது என் காகிதத்தின் அடியில் இருக்கிறது என்பதில் அதைவிடப் பெரிய பெருமை. காகிதம் நகலெடுக்கப்பட்டு அந்தச் சுற்றுவட்டாரத்து ஓவர்சியர்கள் எல்லாருக்கும் போயிற்று.

சுதந்திரம் வந்த பிறகு என்னை அரூர் பக்கம் மாற்றினார்கள். ஒருநாள் கம்பைநல்லூர் ரோட்டில் ஒரு வண்டிக்காரர் லாரி மோதி இறந்துவிட்டார் என்றும், அவர் வீட்டார் கல் நடப் போகிறார்கள் என்றும் தகவல் வந்தது. சைக்கிளில் போனேன். இறந்தவரின் தகப்பனார், எழுபது வயதுக்காரர், சணல் கயிற்றைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். முளைக்குச்சி அடித்து இடம் குறித்தாகிவிட்டது. இறந்தவரின் மனைவி பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்றாள்.

நான் அவசரத்தில் சைக்கிளை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, "இங்க கொஞ்சம் முன்னாடி வெச்சா நல்லாத் தெரியுமே?" என்று சும்மா கேட்டேன். அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கத்தான்.

பெரியவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரோட்டு ஆபீசருங்களா? ரூலு தெரியாதுங்களா உங்களுக்கு? வாய்க்காலுக்கு அந்தாண்ட ரெண்டு முழம். மொதல்ல நீங்க ரோட்டவுட்டு இந்தாண்ட வந்து நின்னு பேசுங்க. என் மவன வாரிக் குடுத்தது பத்தாதா?"

நான் வாய்க்காலைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றேன். மகனைப் பறிகொடுத்தவர் முன்னால் நான் பெருமைப்படக் கூடாது, ஆனாலும் பெருமைப்பட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அந்த ரூல எழுதுனது நான்தாங்க" என்று சொல்லிவிட்டேன்.

பெரியவர் நம்பவில்லை. "நீங்களா? அது மாரண்டஹள்ளிப் பக்கத்துல யாரோ ஒரு பொம்பள போட்டதுன்னு சொல்றாங்களே. தங்கச்சியப் பறிகுடுத்த பொம்பளயாம். இன்ஜினீரையே ரோட்டுல நிக்கவெச்சு எழுத வாங்குச்சாம்."

நான் மறுக்கவில்லை. கையெழுத்து என்னுடையது என்பதைத் தவிர, அவர் சொன்னதில் திருத்த வேண்டியது அதிகம் இல்லை. கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் கல்லை நட்டு முடித்தோம். மருமகள் குழந்தையைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு, கல்லுக்கு முன்னால் கொல்லைப் பக்கமாக நின்று கும்பிட்டாள். அவள் கும்பிட்டு முடிப்பதற்குள் கல்லுக்குப் பின்னால் ரோட்டில் மூன்று வண்டிகளும் ஒரு லாரியும் போயின. அவள் ஒருமுறைகூட விலகி நிற்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாதம் சொந்த வேலையாகப் பாலக்கோடு போனபோது சந்தையில் அந்த அக்காவைத் தேடிப் போனேன். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. அவரைக்காய்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து யாருக்கோ நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கம்பைநல்லூர்ப் பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

"நானா? ஒரெழுத்துப் படிக்கத் தெரியாதவ நானா?"

"நீங்கதாங்க. ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லுது."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல்முறை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் கடை போட்டிருந்த பெண்களைப் பார்த்து, சந்தையே திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்தினாள்.

"ஏய், கேட்டீங்களாடி! கம்பைநல்லூர் வரைக்கும் நம்ம ரூலுதாண்டி ஓடுதாம்!"

பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.